மலாக்காத் தமிழர் வரலாறு – 11: கித்தாக்காடும் நடமாட்டத்தின் விதிகளும்

புக்கிட் லிந்தாங்கில் 1896-ஆம் ஆண்டு தான் சாய் யான் 40 ஏக்கரில் நட்ட கித்தா என்னும் ரப்பர் மரங்களும், அதன்பின் புக்கிட் அசகானில் அவர் திறந்த பெருந்தோட்டமும் மலாக்காவின் உட்பகுதியை எவ்வாறு மாற்றியமைத்தன என்பது சென்ற அத்தியாயத்தில் விளக்கப்பட்டது. அத்தோட்டங்களுக்குத் தமிழர் வந்து சேர்ந்த கதையைச் சொல்வதற்குக் கப்பல் பதிவுகளும் தொழிலாளர் சட்டங்களும் குடிமதிப்பு அறிக்கைகளுமே இதுவரை சான்றுகளாக நின்றன. அதே சான்றுகளை இந்த அத்தியாயம் புள்ளியியல் இயற்பியல் என்னும் துறையின் துணையோடு வாசிக்க முற்படுகிறது. எண்ணிறந்த துகள்கள் ஒவ்வொன்றும் எப்படிப் போகும் என்பதை அறியாமலேயே, அவை திரளாக எப்படி நடந்துகொள்ளும் என்பதைக் கணிக்கும் இயற்பியற் பிரிவு இது. மனிதர் தம் விருப்பப்படி இடம் பெயரும்போது அவர்களுடைய திரளிலும் ஓர் ஒழுங்கு தோன்றுவதைக் கடந்த இருபது ஆண்டுகளில் இத்துறையினர் விரிவாகக் காட்டியிருக்கின்றனர். மலாக்காத் தமிழரின் நகர்வு அந்த ஒழுங்கிலிருந்து எங்கெங்கே விலகுகிறதோ, அங்கெல்லாம் ஒரு சட்டமோ ஒரு கங்காணியோ ஒரு போரோ குறுக்கே நிற்பதைக் காண முடிகிறது என்பதே இங்கு நிறுவப்படும் கருத்தாகும்.

மனிதரைப் பற்றிய கணக்குக்கும் வாயுவைப் பற்றிய கணக்குக்கும் உள்ள உறவு புதியதன்று. பெல்ஜிய நாட்டு வானியலாளர் அடால்ஃப் கெத்லே 1835-ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில், பிறப்பு, திருமணம், குற்றம் ஆகியவற்றின் எண்ணிக்கை ஆண்டுதோறும் ஏறத்தாழ மாறாமல் வருவதைச் சுட்டி, அந்த ஆய்வுக்குச் சமூக இயற்பியல் என்று பெயரிட்டார். அவருடைய கருத்துகளை விளக்கி ஜான் ஹெர்ஷல் 1850-இல் எழுதிய நீண்ட கட்டுரையின் தாக்கம், வாயுத் துகள்களின் வேகங்கள் எவ்வாறு பரவியிருக்கும் என்று கிளார்க் மேக்ஸ்வெல் 1860-இல் வெளியிட்ட ஆய்வில் தெரிவதாக அறிவியல் வரலாற்றாசிரியர்கள் கருதுகின்றனர். ஆகவே, இன்று இயற்பியலாளர் மனித நடமாட்டத்தை ஆராய்வது அயலார் புலத்தில் நுழைவதாகாது. மனிதரைக் கணக்கிட்ட முறை வாயுவுக்குச் சென்று, அங்கே கூர்மை பெற்று, மீண்டும் மனிதரிடமே திரும்பியிருக்கிறது.

இடப்பெயர்வுக்கு விதிகள் உண்டு என்று முதன்முதலில் துணிந்து சொன்னவர் ஃபிராங்க்ஃபர்ட்டில் பிறந்து லண்டனில் வாழ்ந்த நிலப்படவியலாளர் எர்ன்ஸ்ட் கியோர்க் ரேவன்ஸ்டைன் ஆவார். பிரிட்டனின் 1871, 1881 குடிமதிப்புகளில் மக்கள் பிறந்த இடத்தையும் அவர்கள் அப்போது வாழ்ந்த இடத்தையும் ஒப்பிட்டு, 1885-ஆம் ஆண்டு லண்டன் புள்ளியியல் கழகத்தின் இதழில் அவர் எழுதிய கட்டுரை, இடம்பெயர்வோரில் மிகப் பெரும்பாலோர் குறைந்த தொலைவே செல்கின்றனர் என்றும், ஒவ்வோர் ஓட்டத்துக்கும் எதிரோட்டம் ஒன்று உண்டு என்றும், நீண்ட தொலைவு செல்வோர் பெரிய வணிக, தொழில் நகரங்களையே நாடுகின்றனர் என்றும், குறுந்தொலைவு இடப்பெயர்வில் பெண்களே மிகுதி என்றும் கூறியது. அதே 1881-ஆம் ஆண்டில் மலாக்கா உள்ளிட்ட நீரிணைக் குடியேற்றங்களிலும் குடிமதிப்பு எடுக்கப்பட்டது. ஆனால் அந்த ஏடுகளைப் பார்த்து விதி கூற ஒரு ரேவன்ஸ்டைன் இங்கு இல்லை. இருந்திருந்தால், அவருடைய நான்கு கூற்றுகளில் மூன்று மலாயாத் தமிழரிடம் தலைகீழாக நிற்பதைக் கண்டிருப்பார்.

முதலாவது, குறுந்தொலைவு விதி. தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி, தென்னாற்காடு, சேலம் ஆகிய மாவட்டங்களின் நிலமற்ற உழவுக்கூலிகள் அடுத்த மாவட்டத்துக்குச் செல்வதற்கு முன்பே வங்கக் கடலைத் தாண்டினர். இரண்டாவது, அவர்கள் சென்றடைந்த இடம் பெருநகரமாக இல்லை. பட்டணத்திலிருந்து பல மைல் உள்ளே, காட்டை அழித்து எழுப்பிய லயத்து வீடுகளே அவர்களுடைய சேருமிடமாயின. மூன்றாவது, பெண்களின் பங்கு. 1931-ஆம் ஆண்டுக் குடிமதிப்பில்கூட மலாயா இந்தியரில் ஆயிரம் ஆண்களுக்கு ஐந்நூறு பெண்கள் இல்லை. எதிரோட்டம் பற்றிய விதி மட்டுமே பொருந்தியது. அதுவும் ரேவன்ஸ்டைன் எண்ணியதைவிடப் பன்மடங்கு வலுவாகப் பொருந்தியது. கெர்னியல் சிங் சந்து 1969-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்ட தம் நூலில் 1786 முதல் 1957 வரையிலான பதிவுகளைத் தொகுத்துள்ளார். அதன்படி மலாயாவுக்கு இந்தியரின் வருகைகள் 40 லட்சத்துக்கு மேல். புறப்பாடுகள் ஏறத்தாழ 30 லட்சம். வந்த நால்வரில் மூவர் அளவுக்குத் திரும்பிச் சென்ற ஓர் இனத்தைக் குடியேறிய இனம் என்று மட்டும் அழைப்பது போதாது. அலை போல வந்து அலை போல மீண்டவர்களுள் எஞ்சியோரின் வழிவந்தவர்களே இன்றைய மலேசியத் தமிழரில் பெரும்பாலோர்.

விதிகள் ஏன் பொய்த்தன என்பதை அறிய, அவை எந்த அடிப்படையில் நிற்கின்றன என்று முதலில் பார்க்க வேண்டும். அமெரிக்க மொழியியலாளர் ஜார்ஜ் கிங்ஸ்லி ஜிஃப் 1946-இல், இரு நகரங்களுக்கு இடையே செல்லும் பயணிகளின் எண்ணிக்கை அந்நகரங்களின் மக்கள்தொகைகளைப் பெருக்கி இடைத்தொலைவால் வகுத்த அளவுக்கு ஏற்ப அமையும் என்று காட்டினார். பிரின்ஸ்டன் வானியலாளர் ஜான் ஸ்டூவர்ட்டும் அதே காலத்தில் இத்தகைய கணக்குகளை மேற்கொண்டார். நியூட்டனின் ஈர்ப்பு விதியை ஒத்திருப்பதால் இது ஈர்ப்பு மாதிரி எனப் பெயர் பெற்றது. மனிதர் கோள்கள் அல்லர். அப்படியிருந்தும் இம்மாதிரி ஏன் பொருந்துகிறது என்ற கேள்விக்கு 1967-இல் ஆலன் வில்சன் என்னும் ஆங்கிலேய அறிஞர் அளித்த விடைதான் புள்ளியியல் இயற்பியலின் முழு வலிமையையும் இத்துறைக்குள் கொணர்ந்தது. ஒரு திரள் எத்தனை வகைகளில் தன்னை அடுக்கிக்கொள்ள முடியும் என்பதைக் குறிக்கும் அளவுக்கு இயற்பியலில் என்ட்ரோபி என்று பெயர். ஒவ்வோர் ஊரிலிருந்தும் எத்தனை பேர் புறப்படுகின்றனர், ஒவ்வோர் ஊருக்கும் எத்தனை பேர் வந்து சேர்கின்றனர், அனைவரும் சேர்ந்து பயணத்துக்காக எவ்வளவு செலவிட முடியும் என்ற மூன்று கட்டுப்பாடுகளை மட்டும் வைத்துக்கொண்டு, எஞ்சிய அனைத்தையும் தற்செயலுக்கு விட்டால், மிகுதியான வகைகளில் நிகழக்கூடிய பரவலே நிகழும். அந்தப் பரவல் ஈர்ப்பு மாதிரியின் குடும்பத்தைச் சேர்ந்ததாகவே அமையும் என்று அவர் நிறுவினார்.

வில்சனின் மூன்றாம் கட்டுப்பாடே மலாயா வரலாற்றுக்குத் திறவுகோலாக அமைகிறது. தொலைவு கூடக்கூடப் பயணிகள் குறைவதற்குக் காரணம் பயணச் செலவு. அச்செலவைப் பயணியே ஏற்கிறான் என்பது அம்மாதிரியின் உள்ளே பேசாமல் கிடக்கும் ஓர் அனுமானம். மலாயாவிலோ 1907-ஆம் ஆண்டில் இந்தியர் குடியேற்றக் குழு அமைக்கப்பட்டு, தமிழர் குடியேற்ற நிதி என்ற பெயரில் தோட்ட முதலாளிகளிடமிருந்து வரி தண்டப்பட்டு, அந்த நிதியிலிருந்து தொழிலாளரின் பயணச் செலவு வழங்கப்பட்டது. கூலியாளின் கையிலிருந்து ஒரு காசும் செலவாகாதபோது, நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கு ஒரு வாரம்போல் நீண்ட கடற்பயணம் அவனைத் தடுக்கும் தொலைவாகவே இருக்கவில்லை. கோயம்புத்தூருக்கோ மைசூருக்கோ செல்ல வேண்டுமானால் அவன் தன் பொருளைச் செலவிட வேண்டும். மலாக்காவுக்கு வருவதற்கு அது தேவைப்படவில்லை. விதி பொய்க்கவில்லை, விதி செயல்படுவதற்கான நிலையை நிதி மாற்றிவிட்டது.

பணம் மட்டுமே இந்தத் தொலைவைச் சுருக்கியது என்று கொள்வதும் தவறாகும். டிர்க் பிராக்மன், டிர்க் ஹெல்பிங் என்னும் இரு இயற்பியலாளர்கள் 2013-இல், தொற்றுநோய் பரவுவதைப் புரிந்துகொள்ள மைல் கணக்கு உதவாது என்றும், இரு இடங்களுக்கிடையே நிகழும் போக்குவரத்தின் அளவைக்கொண்டு கணக்கிடும் செயல்தொலைவு என்ற அளவே உதவும் என்றும் காட்டினர். விமானப் போக்குவரத்து மிகுந்த இரு பெருநகரங்கள், கடலுக்கு அப்பால் இருந்தாலும், பக்கத்துச் சிற்றூரைவிட ஒன்றுக்கொன்று அண்மையில் இருப்பதாக இந்த அளவு காட்டும். மலாயாத் தோட்டங்களுக்கும் தமிழ்நாட்டுச் சிற்றூர்களுக்கும் இடையே அத்தகைய செயல்தொலைவைச் சுருக்கியவர் கங்காணி.

கங்காணி வேறெங்கிருந்தோ வந்த தரகர் அல்லர். தோட்டத்தில் வேலை செய்துகொண்டிருந்த ஒருவரே முதலாளியின் அனுமதிச் சீட்டைப் பெற்றுத் தம் சொந்த ஊருக்கு வந்தார்; உறவினர், சொந்தச் சாதியார், அண்டை வீட்டார் ஆகியோரிடமே ஆள் திரட்டினார்; ஊர் அதிகாரியின் ஒப்புதலுக்குப் பின் அவர்களை நாகப்பட்டினத்திலோ சென்னையை அடுத்த ஆவடியிலோ இருந்த முகாமில் சேர்த்தார். பினாங்கிலோ போர்ட் சுவெட்டன்ஹாமிலோ இறங்கி, நோய்த்தடைக் காவலில் நாட்களைக் கழித்து, தோட்டத்தை அடையும்வரை அவர்களுக்கு அவரே பெரியவர். அடைந்த பின்னரும் அவரே மேற்பார்வையாளர். தம் கூட்டத்தில் அன்றன்று வேலைக்கு வந்த ஒவ்வோர் ஆளுக்கும் இவ்வளவு என்று தலைக்காசு அவருக்குக் கிடைத்ததால், ஆள் ஓடிவிடாமல் காப்பதிலும் அவருக்கு அக்கறை இருந்தது. ஒரு சிற்றூரிலிருந்து ஒரு தோட்டத்துக்கு இவ்வாறு ஒருமுறை வழி திறந்துவிட்டால், அடுத்தடுத்த ஆண்டுகளில் அதே வழியே ஆட்கள் வந்துகொண்டிருந்தனர். நடுவிலிருந்த நூற்றுக்கணக்கான ஊர்களையும் தோட்டங்களையும் இந்த வழி தொடவே இல்லை. ஈர்ப்பு மாதிரியைக் கொண்டு இந்த வழியை யாராலும் ஊகித்திருக்க முடியாது. உறவுமுறையை அறிந்தவர் ஊகித்திருக்க முடியும்.

இவ்விடத்தில் கிளைக்கதை ஒன்றையும் பதிவு செய்வது தகும். மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்று நிறுவிய ரொனால்ட் ராஸ், ஒரு நீர்நிலையில் பிறந்த கொசுக்கள் எவ்வளவு தொலைவு பரவும் என்று 1904-இல் கணித வழியே ஆராய்ந்தார்; குடியிருப்பைச் சுற்றி எவ்வளவு பரப்பில் தேங்கிய நீரை அகற்ற வேண்டும் என்பது அதைச் சார்ந்திருந்தது. அதே கேள்வியின் தொடர்ச்சியாகத்தான் கார்ல் பியர்சன் 1905-இல், ஒவ்வோர் அடியையும் ஏதேனும் ஒரு திசையில் எடுத்து வைக்கும் ஒருவன் பல அடிகளுக்குப் பின் எங்கே இருப்பான் என்ற புதிரை வெளியிட்டார். இதுவே சமவாய்ப்பு நடை எனப்படும் கருத்தாகி, இன்றைய நடமாட்ட ஆய்வு முழுமைக்கும் தொடக்கப் புள்ளியாயிற்று. இயற்பியலில் அதன் பயன்களைத் திரட்டிச் சுப்பிரமணியன் சந்திரசேகர் 1943-இல் எழுதிய நீண்ட கட்டுரை இன்றும் படிக்கப்படுகிறது. கொசுவின் பறப்பைப் பற்றிய கேள்வி மலாயாவில் வெறுங்கணக்கு அன்று. கிள்ளானில் 1901 முதல் பணியாற்றிய மருத்துவர் மால்கம் வாட்சன் சதுப்பு நிலங்களை வடித்து மலேரியாவைக் குறைக்கப் போராடிய அதே ஆண்டுகளில், புதிதாகத் திறந்த கித்தாத் தோட்டங்களில் தமிழ்க் கூலிகள் அந்நோயால் கொத்துக்கொத்தாக மடிந்துகொண்டிருந்தனர். லயத்தைச் சுற்றி எவ்வளவு தொலைவுக்கு வடிகால் வெட்டுவது என்பதில் அவர்களுடைய உயிர் அடங்கியிருந்தது.

தோட்டத்துக்கு வந்து சேர்ந்தபின் தொழிலாளியின் நடமாட்டம் எப்படி அமைந்தது என்பதை இனிக் காணலாம். விடியுமுன் பெரட்டுக்களத்தில் கிராணி பெயர் கூப்பிடுவார். மண்டோர் நிரை பிரித்துக் கொடுப்பார். ஒரு நிரையில் நானூறு, ஐந்நூறு மரங்கள்வரை இருக்கும். மரத்துக்கு மரம் நின்று பட்டையைச் சீவி, பால் வடியும் மங்குக் கோப்பையைத் திருப்பி வைத்து, அடுத்த மரத்துக்கு நடப்பதே காலை முழுவதும் நிகழும் வேலை. மரங்கள் வரிசையாக நடப்பட்டவை. ஆகவே இந்த நடை சமவாய்ப்பு நடையின் நேரெதிர். ஒவ்வோர் அடியும் முன்பே வகுக்கப்பட்டது. வெட்டி முடித்ததும் சற்று ஓய்ந்து, வந்த வழியே மீண்டும் ஒவ்வொரு மங்கிலிருந்தும் பாலைச் சேகரித்து, ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்தபின் லயத்துக்குத் திரும்ப நண்பகல் கடந்துவிடும். கடை, கள்ளுக்கடை, மாரியம்மன் கோயில், ஆயாக்கொட்டகை, தமிழ்ப் பள்ளி, மருந்தகம் அனைத்தும் தோட்டத்துக்குள்ளேயே இருந்ததால் எல்லையைத் தாண்டிச் செல்லக் காரணமே குறைவு.

மார்ட்டா கோன்சாலஸ், சேசர் ஹிடால்கோ, ஆல்பர்ட் லாஸ்லோ பராபாசி ஆகியோர் ஒரு லட்சம் கைப்பேசிப் பயனாளரின் ஆறு மாதப் பதிவுகளைக்கொண்டு 2008-இல் வெளியிட்ட ஆய்வு, ஒரு மனிதனின் உலகின் அகலத்தை அளக்கச் சுழற்சி ஆரம் என்னும் அளவைக் கையாண்டது. ஒருவர் சென்றுவரும் இடங்கள் அனைத்துக்கும் நடுப்புள்ளி ஒன்றைக் கண்டு, அதிலிருந்து அவ்விடங்கள் சராசரியாக எவ்வளவு விலகியுள்ளன என்பதைக் கணித்தால் கிடைப்பது இந்த ஆரம். பெரும்பாலோருக்கு அது சில கிலோமீட்டரே என்றும், ஒரு சிலருக்கு மட்டும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் என்றும், சிறியதிலிருந்து பெரியதுக்கு எண்ணிக்கை ஒரே சீரான அடுக்கு விதிப்படி குறைந்து செல்கிறது என்றும் அவர்கள் கண்டனர். 1920-களில் ஜாசின் வட்டாரத் தோட்டமொன்றின் பால்வெட்டுத் தொழிலாளிக்கு இந்தக் கணக்கைப் பொருத்தினால், ஆண்டின் பெரும்பகுதிக்கு அவருடைய ஆரம் ஒரு மைலைத் தாண்டுமா என்பதே ஐயம். ஆனால் ஊரிலிருந்து கப்பலேறி வந்த ஒரு பயணத்தையும், ஒருவேளை திரும்பிப் போகும் ஒரு பயணத்தையும் சேர்த்தால், அதே வாழ்வில் ஆயிரம் மைலைக் கடந்த இரு தாவல்கள் உண்டு. ஒரு மைலுக்கும் ஆயிரம் மைலுக்கும் இடைப்பட்ட தொலைவுகள், அதாவது அடுத்த ஊர், அடுத்த பட்டணம், அடுத்த மாநிலம் என்று சுதந்திர மனிதர் இயல்பாகச் சென்றுவரும் தொலைவுகள், அந்த வாழ்வில் ஏறக்குறைய இல்லை. அடுக்கு விதியின் வளைவில் நடுப்பகுதி வெட்டியெடுக்கப்பட்டதுபோல் இருக்கும் இந்த வடிவமே தோட்ட வாழ்வின் அடையாளம் என்று கூறலாம்.

அந்த நடுப்பகுதியை வெட்டியவை எவை என்பதில் மறைவு ஏதுமில்லை. சஞ்சிக்கூலி முறை 1910-இல் ஒழிக்கப்படும்வரை, ஒப்பந்தக் காலம் முடியுமுன் தோட்டத்தைவிட்டு நீங்குவது தண்டனைக்குரிய குற்றம். அதன் பிறகு ஒரு மாத முன்னறிவிப்புக் கொடுத்து விலகும் உரிமை சட்டத்தில் கிடைத்தாலும், வீடு தோட்டத்துடையது. கடன் கடைக்காரரிடம் அல்லது கங்காணியிடம். உறவினர் அதே லயத்தில். இதே பராபாசியின் குழு 2010-இல் 50,000 பேரின் கைப்பேசித் தடங்களை ஆராய்ந்து, ஒரு மனிதர் அடுத்து எங்கிருப்பார் என்பதைத் தக்க வழிமுறை ஒன்று இருந்தால் நூற்றுக்கு 93 முறைவரை சரியாக ஊகிக்க முடியும் என்று அறிவித்தபோது உலகம் வியந்தது. தோட்டத்துப் பெரட்டு ஏடு அதைவிடத் துல்லியமாக ஊகித்திருக்கும். கைப்பேசி ஆய்வு காட்டியது மனிதப் பழக்கத்தின் ஒழுங்கை. பெரட்டு ஏட்டில் இருந்தது நிர்வாகத்தின் ஒழுங்கு. எண் ஒன்றாகத் தோன்றினாலும் இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்ளும் வரலாறு நேர்மையான வரலாறாகாது.

பெரும் அதிர்ச்சிகள் இந்த உறைந்த வடிவத்தை மூன்று முறை உடைத்தன. உலகப் பொருளாதார மந்தத்தின்போது கித்தா விலை சரிந்ததால், 1930-இல் உதவி பெற்ற குடியேற்றம் நிறுத்தப்பட்டு, அடுத்த சில ஆண்டுகளில் ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட இந்தியர் மலாயாவிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டனர். 1938 ஜூன் மாதத்தில் இந்திய அரசு கூலித் தொழிலாளரின் உதவிக் குடியேற்றத்தைத் தடை செய்தது. கங்காணியின் வழி அத்துடன் அடைபட்டது. ஜப்பானியர் ஆட்சியில் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் சயாம் மரண ரயில் பாதை அமைக்கக் கொண்டு செல்லப்பட்டனர், பலர் மீளவில்லை. மலாக்காவுக்கு இதில் தனித்த ஓர் இழப்பும் உண்டு. புலாவ் செபாங்கிலுள்ள தம்பின் நிலையத்தையும் மலாக்கா பட்டணத்தையும் இணைத்து 1905 முதல் ஓடிய கிளை ரயில்பாதையின் தண்டவாளங்களை ஜப்பானியர் பெயர்த்து அதே சயாம் பாதைக்குக் கொண்டுசென்றனர். மனிதரும் அவர்கள் பயணம் செய்த இரும்பும் ஒரே இடத்துக்கு இழுத்துச் செல்லப்பட்டது வேறெங்கும் எளிதில் காணக் கிடைக்காத கொடுமை. அந்தப் பாதை பின்னர் மீண்டும் போடப்படவே இல்லை. மலாக்கா பட்டணத்துக்கு இன்றும் ரயில் கிடையாது.

போருக்குப் பிந்திய தலைமுறையில்தான் விதிகள் மெல்லப் பொருந்தத் தொடங்குகின்றன. 1950-களிலும் 1960-களிலும் வெள்ளைக்கார நிறுவனங்கள் தோட்டங்களைத் துண்டாடி விற்றன. அதைத் தடுக்கத் துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். வேலை அனுமதிச் சட்டம் 1968-இல் வந்தபின் குடியுரிமை இல்லாத பல்லாயிரம் பேர் இந்தியாவுக்குக் கப்பலேறினர். கித்தா அழிந்து செம்பனை பரவியபோது ஆள்தேவை குறைந்தது. 1970-களில் பத்து பெரண்டாமிலும் தஞ்சோங் கிளிங்கிலும் தடையற்ற வாணிக வளாகங்கள் எழுந்தன. தோட்டத்து வாசலுக்கே வந்து பெண்களை ஏற்றிச் சென்ற தொழிற்சாலைப் பேருந்துகள், பெரட்டு மணியால் ஒழுங்குபட்டிருந்த விடியற்காலையை மாற்றியமைத்தன.

இக்காலத்தை விளக்க ஈர்ப்பு மாதிரியைவிட, பிலிப்போ சிமினி, கோன்சாலஸ், அமோஸ் மாரித்தான், பராபாசி ஆகியோர் 2012-இல் முன்வைத்த கதிர்வீச்சு மாதிரி பொருத்தமானது. ஒரு மூலத்திலிருந்து வெளிப்படும் துகள்கள் வழியிலுள்ள பொருள்களால் உறிஞ்சப்படுவதை ஒத்து, வேலை தேடிப் புறப்படும் ஒருவர் தம் ஊரில் கிடைப்பதைவிட மேலான வேலை எங்கே மிக அருகில் உள்ளதோ அங்கேயே தங்கிவிடுகிறார் என்பது இதன் அடிப்படை. இடைப்பட்ட வாய்ப்புகளே நகர்வைத் தீர்மானிக்கின்றன என்று அமெரிக்கச் சமூகவியலாளர் சாமுவேல் ஸ்டூஃபர் 1940-இலேயே கூறியிருந்த கருத்தின் செப்பமான வடிவம் இது. கணக்கும் கடினமானதன்று. புறப்படும் ஊரின் மக்கள்தொகையைச் சேரும் ஊரின் மக்கள்தொகையால் பெருக்க வேண்டும். பிறகு, புறப்படும் ஊரையும் இடைப்பட்ட ஊர்களையும் கூட்டிய தொகை ஒன்று, மூன்றையும் கூட்டிய தொகை மற்றொன்று என இரண்டைக் கண்டு, அவற்றின் பெருக்கத்தால் முன்னதை வகுக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, 500 பேர் வாழும் தோட்டத்துக்கு அருகில் 1,000 பேர் வாழும் ஊர் ஒன்று இருந்து, நடுவில் வேறேதும் இல்லையென்றால், புறப்படுவோரில் நூற்றுக்கு ஏறத்தாழ 67 பேர் அவ்வூருக்குச் செல்வர். தொலைவு சிறிதும் மாறாமல், இடையில் 2,000 பேர் வாழும் குடியிருப்பு ஒன்று தோன்றினால், அவ்வெண் 6-க்கும் கீழே இறங்கிவிடும். எண்கள் விளக்கத்துக்காகக் கொண்டவை. ஆயினும் சிறு பட்டணங்களின் வளர்ச்சி தோட்டத்து இளைஞரின் பாதையை எப்படித் திருப்பும் என்பதை அவை தெளிவாகக் காட்டுகின்றன.

மலாக்கா ஏறத்தாழ 1,700 சதுர கிலோமீட்டருக்குள் அடங்கும் சிறு மாநிலம். கெமெண்டோர், டயமண்ட் ஜூபிலி, காடேக், பெகோ போன்ற தோட்டங்களிலிருந்து புறப்பட்ட குடும்பங்களை ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா, மஸ்ஜிட் தானா போன்ற சிறு பட்டணங்களும், அவற்றுக்கப்பால் மலாக்கா பட்டணமும் அதன் புறநகர்களும் ஈர்த்தன. கதிர்வீச்சு மாதிரியில் ஒவ்வொருவருக்கும் ஒரு வாசல் உயரம் உண்டு. எதிர்பார்க்கும் வேலை மேலானதாக இருக்க இருக்க, அதை நிறைவு செய்யும் இடமும் தொலைவாகும். ஆகவே உயர்கல்வி பெற்றவர் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போக, பள்ளிப் படிப்போடு நின்றவர் பத்து பெரண்டாம் தொழிற்சாலையில் வேலைக்கு அமர்வதை இம்மாதிரி கொண்டே விளக்க முடிகிறது. தாத்தாவை ஆயிரம் மைல் தள்ளிக் கொண்டுவந்து ஒரு மைலுக்குள் நிறுத்திய விசை பேரப்பிள்ளைகளிடம் இல்லை. ஒரு மைலுக்கும் ஆயிரம் மைலுக்கும் இடையே வெட்டுண்டு கிடந்த வளைவு அவர்களிடம் நிரம்பிவிட்டது. இதை முன்னேற்றம் என்றே கொள்ள வேண்டும். ஆனால் தோட்டம் மூடப்பட்டு, வீடில்லாமல் வெளியேற்றப்பட்ட குடும்பங்களின் நகர்வும் இதே வளைவுக்குள் அமர்ந்துகொள்கிறது என்பதை மறக்கலாகாது. விரும்பிப் போனவரையும் விரட்டப்பட்டவரையும் மாதிரி தனித்தனியே காட்டாது.

சென்றவர் திரும்பி வருவதும் விதிக்கு உட்பட்டதே. மார்க்குஸ் ஷ்லெப்ஃபர் குழுவினர் 2021-இல் வெளியிட்ட ஆய்வு, சிங்கப்பூர் உட்படப் பல நகரங்களின் தரவுகளைக்கொண்டு, ஓர் இடத்துக்கு வருவோரின் எண்ணிக்கை, அவர்கள் வரும் தொலைவையும் மாதத்துக்கு எத்தனை முறை வருகின்றனர் என்பதையும் பெருக்கிய தொகையின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது என்று கண்டது. பத்து கிலோமீட்டரிலிருந்து மாதம் பத்து முறை வருவோரும், நூறு கிலோமீட்டரிலிருந்து ஒருமுறை வருவோரும் அக்கணக்கில் ஒரே தட்டில் நிற்பர். மலாக்காவில் மாசி மகத்தன்று ஜாலான் துக்காங் எமாஸிலுள்ள பொய்யாத விநாயகர் கோயிலுக்கும் செங் சன்னாசிமலை ஆண்டவர் கோயிலுக்கும் இடையே நிகழும் தேர்ப்பயணத்துக்கு வெளிமாநிலங்களிலிருந்து நகரத்தாரும் பிற பக்தர்களும் ஆண்டுக்கொரு முறை திரள்கின்றனர். ஆண்டுக்கொரு முறை என்னும் அருமையே அத்தொலைவை ஈடு செய்கிறது. தோட்டம் அழிந்த பின்னரும் எஞ்சி நிற்கும் மாரியம்மன் கோயில்களின் திருவிழாக்களுக்குப் பழைய குடும்பங்கள் வந்து சேர்வதிலும் இதே கணக்கு மறைந்திருக்கிறது.

நடமாட்ட ஆய்வு இன்று கைப்பேசித் தரவுகளைச் சார்ந்தே வளர்கிறது. 2020 மார்ச் 18-ஆம் நாள் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடைமுறைக்கு வந்து, மக்கள் பத்து கிலோமீட்டருக்குள் அடங்கியிருக்க நேர்ந்த நாட்களின் தடங்கள் மின்பதிவுகளில் உள்ளன. தோட்டத்தை விட்டுத் தமிழர் வெளியேறிய தலைமுறைக்கு அத்தகைய பதிவு ஏதுமில்லை. அந்த நகர்வை மீட்டெடுக்க உதவக்கூடியவை, மாணவர் எந்தப் பள்ளியிலிருந்து வந்தார், எந்தப் பள்ளிக்கு மாறிச் சென்றார் என்று குறித்துவைத்த தமிழ்ப் பள்ளிச் சேர்க்கைப் பதிவேடுகள், தோட்டத்துப் பெரட்டு ஏடுகள், கோயில் வரிப் புத்தகங்கள், திருமணப் பத்திரிகைகள் ஆகியவை மட்டுமே. இவற்றுள் பல, தோட்ட அலுவலகம் மூடப்படும்போதும் பள்ளி இடம் மாறும்போதும் பழைய காகிதமாகக் கழிக்கப்படுகின்றன. மலாக்கா மாநிலத்தில் அத்தகைய ஏடுகளை வைத்திருக்கும் பள்ளித் தலைமையாசிரியர்களும் கோயில் நிர்வாகத்தினரும் முன்னாள் கிராணிகளின் குடும்பத்தினரும் அவற்றைக் களையாமல் பாதுகாத்து, படியெடுத்து வைக்க வேண்டும் என்பது இத்தொடரின் வேண்டுகோள்.